யார் கை ஃபேடரில்

ஒலிக்கலவை மென்பொருளை முதல் தடவையாகத் திறக்கிற யாருக்கும் ஒரு குழப்பம் வரும். திரையில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நெடுங்கோடு, அதில் மேலும் கீழும் நகர்கிற ஒரு சின்னக் குமிழ். பக்கத்திலேயே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறி இறங்குகிற ஓர் ஒளித்தூண். முன்னது ஃபேடர், பின்னது மீட்டர். ரெண்டும் ஒட்டி நிற்கின்றன, ரெண்டிலும் ‘0’ என்று ஓர் எண் எழுதியிருக்கிறது. அதனால் ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று தோன்றும். ஆனால் ஃபேடர் என்பது நம் கை செய்கிற வேலை, மீட்டர் என்பது அதனால் நடந்தது. ஃபேடரின் 0 என்றால் ‘வந்ததை வந்தபடியே அனுப்புகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை’ என்று அர்த்தம். மீட்டரின் 0 என்றால் ‘இதுதான் கூரை, இதற்கு மேல் இடம் கிடையாது’ என்று அர்த்தம்.

இந்த ரெண்டு பூஜ்யங்களும் வேறு வேறு வீட்டில் பிறந்தவை. ஒன்று சினிமாக் கொட்டகையின் ப்ரொஜெக்டர் அறையில், இன்னொன்று தொலைபேசிக் கம்பியில். இவற்றின் வரலாற்றை எழுத நியூயார்க்கில் தொடங்குவதுதான் வழக்கம். நான் பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தொடங்குகிறேன். ஒரு மாலை அங்கே நின்று செய்த ஒலிப்பதிவைக் கலக்க உட்கார்ந்தபோதுதான், ‘எவ்வளவு சத்தம்’ என்பது எண் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது.

தெருவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆங்கிலேயர் காலத்தில் இதற்கு பிட் ஸ்ட்ரீட் என்று பெயர், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த இளைய வில்லியம் பிட்டின் நினைவாக. வடக்கு முனையில் 1818இல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளி சீனர்களின் குவான் யின் கோவில். அப்புறம் குயின் ஸ்ட்ரீட்டைப் பார்த்து வாசல் வைத்த மகா மாரியம்மன் கோவில், 1833. பிறகு 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இன்னும் தெற்கே போனால் 1808ஆம் ஆண்டின் அச்சே தெருப் பள்ளிவாசல். சுற்றுலாக்காரர்கள் இதை நல்லிணக்கத் தெரு என்று சொல்லி விற்கிறார்கள். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு விற்பனை இன்னும் ஜோர்.

‘கெலிங்’ என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். ஒரு காலத்தில் தென்னிந்தியர்களைக் குறித்த சாதாரண வார்த்தை. இன்று மலேசியாவில் ஒரு தமிழனைப் பார்த்து அதைச் சொன்னால் சண்டை வரும். தெருப்பெயரில் மட்டும் ‘கப்பித்தான்’ துணையோடு மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கப்பித்தான், காதர் முகைதீன், தமிழ் முஸ்லிம்களின் தலைவர். கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்கு நிலம் கொடுத்தது இவர் காலத்தில்தான். இப்போது நாம் பார்க்கிற முகலாயச் சாயல் குவிமாடமும் மினாராவும் அப்போது இல்லை. அவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூப்ரோனர் என்கிற கட்டடக் கலைஞர் கொடுத்த தோற்றம்.

மினாரா ஓர் ஒலிக்கருவி. அழகுக்காக மட்டும் அதை உயரமாகக் கட்டவில்லை. திறந்த வெளியில் ஒலிமூலத்திலிருந்து நாம் நிற்கும் தூரம் இரட்டிப்பானால் ஒலி மட்டம் 6 டெசிபல் குறையும். பத்து மீட்டரில் நின்றவர் இருபதுக்கு நகர்ந்தால் 6 குறைகிறது, நாற்பதுக்கு நகர்ந்தால் இன்னும் 6. மென்பொருளில் ஃபேடரை 6 டெசிபல் இறக்கும்போதும் இதேதான் நடக்கிறது, அலையின் உயரம் பாதியாகிறது. மின்சாரம் வருவதற்கு முன்னால் உலகத்தில் இருந்த ஒரே ஃபேடர் தூரம்தான். ஓட்டுக்கூரைகளும் அஞ்சடி நடைபாதைத் தூண்களும் வழியில் தின்றுவிடாமல் குரல் வீடுகளுக்குப் போய்ச்சேர, கூரைக்கு மேலே ஏறி நின்று பாங்கு சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ் நாடக மேடையும் இதே கணக்கில் ஓடியதுதான். கிட்டப்பாவின் உச்ச ஸ்தாயியைப் பற்றிப் பேசாத பழைய ரசிகர் கிடையாது. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும் என்றால் சுருதியை ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்து பாட்டு வாத்தியார்கள் ‘ஐந்து கட்டை’ என்று பெருமையாகச் சொன்னதில் கலையும் இருக்கிறது, தூரத்தின் நிர்ப்பந்தமும் இருக்கிறது.

கிராமபோன் தட்டுகளும் முதலில் இப்படித்தான். 1925க்கு முன்னால் பதிவு அறையில் மைக் இல்லை, ஒரு பெரிய கொம்புதான். அதன் வாய்க்குள் பாட வேண்டும். பாடகர் கொம்புக்குப் பக்கத்தில், ஹார்மோனியம் கொஞ்சம் தள்ளி, மிருதங்கம் அறையின் மூலையில். உச்ச ஸ்தாயி வந்தால் பாடகரைப் பின்னால் இழுக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டுகிற ஊசி தடத்தை விட்டுத் தாவிவிடும். யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் கலவை. ஒரு தடவை வெட்டியது வெட்டியதுதான்.

மின்சாரம் வந்து இந்தத் தூரத்தை உடைத்தது. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் 1936இல் ஒலிபெருக்கி வைத்தார்கள். மினாரா செய்த வேலையை இனிமேல் ஒரு பெட்டியில் இருக்கிற குமிழ் செய்யும். அது வரைக்கும் குரலின் எல்லையை மூச்சும் உயரமும் தீர்மானித்தன. அதற்குப் பிறகு தீர்மானிப்பது குமிழைத் திருகுகிற கை. இது சாதாரண மாற்றம் இல்லை. மூச்சுக்கு இயற்கையாகவே ஓர் எல்லை உண்டு. குமிழுக்கு எல்லை வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து அதை முடிவு செய்ய வேண்டும்.

முடிவு செய்ய முதலில் ஓர் அளவு வேண்டும் இல்லையா. அந்த அளவு தொலைபேசிக்காரர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் பெல் கம்பெனிக்கு இருந்தது வியாபாரப் பிரச்சினை: கம்பி நீள நீளக் குரல் தேய்கிறது, எவ்வளவு தேய்கிறது என்று எப்படிச் சொல்வது? முதலில் ‘தரக் கம்பியின் ஒரு மைல்’ என்று அளந்தார்கள். அதாவது ஒரு மைல் கம்பி எவ்வளவு குரலைத் தின்னுமோ அதுவே அலகு. பிறகு 1924இல் கணிதச் சுத்தமான ஓர் அலகுக்கு மாறினார்கள். 1928இல் அதற்குக் கிரகாம் பெல்லின் பெயரை வைத்து டெசிபல் என்றார்கள். பழைய மைலும் புதிய டெசிபலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒரு சாதாரணக் காது ‘ஏதோ கூடியிருக்கிறது’ என்று கண்டுபிடிக்கிற மிகச் சிறிய வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, இன்று நம் திரையில் ஃபேடருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிற எண்கள் அடிப்படையில் தூரத்தின் எண்கள். குரல் எத்தனை மைல் தள்ளிப் போயிருக்கிறது என்கிற கணக்கு.

பினாங்கில் வானொலி ஆர்வலர்கள் சங்கம் 1934இல் ஒலிபரப்பு தொடங்கியது. இசட்.எச்.ஜே. என்பது அந்த நிலையத்தின் அழைப்புக்குறி. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளிலும் நிகழ்ச்சி போட்டார்கள். இந்த விவரத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு நிலையம், ஓர் அலைவரிசை. அதனால் நான்கு மொழிகளும் வரிசையில் நின்றாக வேண்டும், ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. வெளியே தெருவில் அந்த நான்கும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. வானொலி நேரத்தைப் பங்கு போட்டது. தெரு மட்டத்தைப் பங்கு போட்டது.

வானொலியில் மட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மீட்டரின் சிவப்புக்கு மூலகாரணம் அதுதான். அந்தக் காலத்து ஒலிபரப்பில் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வானொலி அலையின் உயரம் கூடிக் குறையும். ஓர் எல்லைக்கு மேல் கத்தினால் அலை கீழே பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்டுவிடும். நிலையத்தின் ஒலி கரகரக்கும், அது அவர்கள் பாடு. ஆனால் அதோடு முடிவதில்லை. வெட்டுப்பட்ட அலை சிதறி அக்கம்பக்கத்து அலைவரிசைகளிலும் போய் விழும். அடுத்த நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் காதில் நம் இரைச்சல். சிவப்புக் கோடு பிறந்தபோது அதில் ‘உன் பாட்டு கெட்டுப்போகும்’ என்கிற எச்சரிக்கையோடு ‘பக்கத்து வீட்டுக்காரன் பாட்டு கெட்டுப்போகும்’ என்பதும் சேர்ந்தே இருந்தது.

1930களில் ஆளுக்கொரு மீட்டர் வைத்திருந்தார்கள். ஒரு நிலையம் ‘சரியான மட்டத்தில் அனுப்பினேன்’ என்று சொல்லும், நடுவில் கம்பி கொடுத்த தொலைபேசிக் கம்பெனி ‘கூடுதலாக வந்தது’ என்று சொல்லும், ரெண்டு பேர் மீட்டரும் அவரவர் கணக்கில் சரி. இந்தச் சண்டையைத் தீர்க்க பெல் ஆய்வகமும், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய ரெண்டு ஒலிபரப்பு நிறுவனங்களும் சேர்ந்து உட்கார்ந்து 1939இல் ஒரு பொது மீட்டரை ஏற்றுக்கொண்டன. அதுதான் வி.யு. மீட்டர். பழைய டேப் ரெக்கார்டர்களின் முகத்தில் ஆடுகிற அந்த முள். அட்டையின் மங்கிய மஞ்சள் நிறம்கூடத் தரநிர்ணயத்தில் எழுதிவைத்த விஷயம், நாள் முழுக்கப் பார்க்கிறவர் கண் களைக்கக் கூடாது என்பதற்காக.

வி.யு. முள் சோம்பேறி. 0க்கு ஏற அதற்கு 300 மில்லிசெகண்ட் வேண்டும், வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். நம் காது சத்தத்தை உணர்வதும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் என்பதால், முள் காட்டுவதும் நாம் கேட்பதும் பொருந்திப்போகும். சிக்கல் எங்கே என்றால், தவில் மாதிரி வாத்தியத்தில். கையில் கூடு மாட்டிய விரல் விழுகிற அந்தக் கணம், முள் கிளம்புவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். நாதஸ்வரத்துக்கு முள் ஒழுங்காக ஏறி நிற்கும், தவிலுக்குப் பாதிதான் ஏறும், ஆனால் மின்சுற்றில் உண்மையில் உயரமாக எழுந்தது தவில்தான்.

பி.பி.சி.க்காரர்கள் அதே பத்தாண்டில் வேறு மாதிரி யோசித்தார்கள். அவர்கள் மீட்டர் வேகமாக ஏறும், மெதுவாக இறங்கும். கறுப்பு முகத்தில் வெள்ளை எழுத்தில் 1 முதல் 7 வரை எண்கள். உச்சத்தைப் பிடித்துக்காட்டுவதுதான் அதன் வேலை. அமெரிக்க மீட்டர் ‘இது எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது’ என்று சொல்லியது, பிரிட்டிஷ் மீட்டர் ‘ஆபத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறாய்’ என்று சொல்லியது. இன்றைய மென்பொருளில் ஒரே தூணில் அடர்ந்த பட்டையாகச் சராசரியும் அதற்கு மேல் மெல்லிய கோடாக உச்சமும் தெரிகிறதே, அது இந்த ரெண்டு பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்த ஏற்பாடு.

நடுவில் யுத்தம். 1941 டிசம்பரில் பிரிட்டிஷார் பினாங்கைக் கைவிட்டு ஓடியபோது வானொலி நிலையத்தை உடைக்காமல் விட்டுவிட்டுப் போனார்கள். வந்த ஜப்பானியர்கள் அதிலிருந்தே சிங்கப்பூரைப் பார்த்துக் கேலி பேசி ஒலிபரப்பினார்கள். அதே கருவி, அதே குமிழ். கை மட்டும் வேறு.

ஃபேடருக்கு வருவோம். பேசும் படம் வந்த புதிதில் ஒரு ரீல் முடிந்து அடுத்த ப்ரொஜெக்டர் ஓடத் தொடங்கும்போது, முதல் எந்திரத்தின் ஒலியை மங்கவிட்டு ரெண்டாவதின் ஒலியை எழுப்ப வேண்டும். அந்த வேலைக்காக ஆபரேட்டர் கைக்குப் பக்கத்தில் வைத்த திருகுதான் ஃபேடர். மங்கவைப்பது என்ற சொல்லிலிருந்து பெயர். வானொலி நிலையங்களிலும் பாட்டுப் பதிவிலும் இதே வட்டத் திருகுகள்தான் நெடுநாள் இருந்தன. ஒரு கைக்கு ஒரு திருகு, மிஞ்சிப்போனால் ரெண்டு. 1950களின் இறுதியில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் டாம் டௌட் எட்டுத் தட டேப்பில் வேலை செய்தபோது திருகுகளை நீக்கிவிட்டு நேர்கோட்டில் நகர்கிற ஃபேடர்களை வரிசையாக வைத்துக்கொண்டார். பத்து விரலும் பத்துத் தடத்தில். ஒலிப்பொறியாளர் பியானோக்காரர் மாதிரி உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

இதற்கிடையில் நம் பக்கத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது. அதை ஃபேடர் வரலாற்றில் யாரும் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். 1938இல் ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ தமிழில் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்தது. பத்து வருஷம் கழித்து, 1948இல், சிங்கப்பூரில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் எடுத்த ‘சிந்தா’ என்கிற மலாய்ப் படத்தில், பினாங்கில் பிறந்த பி. ரம்லி கதாநாயகனுக்குப் பின்னணி பாடினார். 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரையே கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து சிறுவயதில் பினாங்குக்கு வந்த தமிழர். பின்னணி என்றால் என்ன? முகத்திலிருந்து குரலைப் பிரித்து அதற்குத் தனியாக ஒரு ஃபேடர் கொடுப்பது. அது கிடைத்ததும் பாடகர் கடைசி பெஞ்சுக்காகக் கத்த வேண்டிய அவசியம் போய்விட்டது. ரம்லியின் குரலில் இருக்கிற அந்த இதம், காதுக்குப் பக்கத்தில் வந்து சொல்கிற தொனி, கிட்டப்பா காலத்தில் தொழில்ரீதியாகவே சாத்தியம் இல்லை. நம் ஆட்கள் ‘மைக் குரல்’ என்று கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த இளக்காரம் பிடிக்காது. மெதுவாகப் பாட அனுமதி கிடைத்ததும் ஒரு விடுதலைதான்.

இப்போது என் பதிவுக்கு வருகிறேன். மக்ரிப் நேரத்தில் தெருவில் நான்கு இடங்களில் பதிவு செய்தவை, நான்கு தடங்கள். பள்ளிவாசல் மதிலுக்கு அருகே பாங்கு. குயின் ஸ்ட்ரீட் பக்கம் கோவில் மணியும் மேளமும். லிட்டில் இந்தியா முனையில் ஒரு கடையின் வாசல் ஸ்பீக்கரிலிருந்து சினிமாப் பாட்டு. குவான் யின் கோவில் முன்னால் ஊதுவத்திப் புகையோடு கலந்த பேச்சும் மோட்டார்சைக்கிளும். இவற்றைச் சேர்த்து ஏழு நிமிஷத்துக்கு ஓர் ஒலிச்சித்திரம் செய்ய வேண்டும்.

கலவையில் முதல் பாடம் கூட்டல் கணக்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ரெண்டு ஒலிகளைச் சம மட்டத்தில் சேர்த்தால் 3 டெசிபல் கூடும், நான்கைச் சேர்த்தால் 6. ஒரே ஒலியின் ரெண்டு பிரதிகள் என்றால் ரெண்டே 6 கூட்டிவிடும். ஒவ்வொரு தடமும் தன் மீட்டரில் பச்சையில் சாதுவாக நிற்கும், வெளியீட்டு மீட்டர் மட்டும் சிவப்பில் முட்டும். ஒவ்வொருவரும் நியாயமான சத்தத்தில்தான் இருக்கிறார்கள், தெரு மட்டும் இரைச்சலாக இருக்கிறது. ஊருக்கும் இதே கணக்குதான்.

ரெண்டாவது, தடத்தின் மீட்டர் எதை அளக்கிறது என்பது. மென்பொருளில் அதை ஃபேடருக்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். முன்னால் வைத்திருந்தால் ஃபேடரை அடிமட்டம் வரை இறக்கினாலும் மீட்டர் ஆடிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கெடவில்லை, நாம் கதவைச் சாத்திவிட்டோம், தெருவில் சத்தம் தொடர்கிறது, அவ்வளவுதான். முன்னளவு பதிவு எவ்வளவு ஆரோக்கியமாக வந்திருக்கிறது என்று சொல்லும், பின்னளவு கலவைக்கு எவ்வளவு போகிறது என்று சொல்லும்.

மூன்றாவது, ஃபேடரின் கோடு சமமாகப் பிரிக்கப்பட்டதில்லை. 0க்குப் பக்கத்தில் ஒரு விரல் நகர்ந்தால் சில டெசிபல், அடிப்பக்கத்தில் அதே விரல் நகர்ந்தால் இருபது, முப்பது. அதனால் தடத்தின் மூல அளவை முதலிலேயே சரிசெய்து ஃபேடரை 0 பக்கத்தில் வைத்து வேலை செய்வது நல்லது. அங்கேதான் கைக்கு நுணுக்கம் கிடைக்கும். சராசரி மட்டம் கூரைக்கு 18 டெசிபல் கீழே நின்றால் போதும், அதுதான் ஐரோப்பிய ஒலிபரப்பில் பழைய முள்ளின் 0க்கு நிகராக வைத்துக்கொண்ட இடம். அமெரிக்காவில் 20 கீழே. மேலே காலியாக விட்டிருக்கும் இடம் தவிலுக்கு.

இன்றைய மென்பொருள்களுக்குள்ளே கணக்கு மிதவைப் புள்ளி எண்களில் நடக்கிறது. ஒரு தடம் 0ஐத் தாண்டினாலும் உள்ளே எதுவும் உடைவதில்லை, கடைசியில் வெளியீட்டு ஃபேடரை இறக்கினால் முழுசாகத் திரும்பி வந்துவிடும். உடைவது வாசலில்தான், ஸ்பீக்கருக்குப் போகும்போதும் கோப்பாக எழுதும்போதும். அதனால்தான் நான்கு தட மீட்டர்களைவிட அந்த ஒரு வெளியீட்டு மீட்டரை அதிகம் பார்க்க வேண்டும். பழைய கன்சோலில் இந்தச் சலுகை கிடையாது, வழியில் எங்கே நெரிந்தாலும் நெரிந்ததுதான். டேப்பில் நெரிந்தாலும் அது மெல்ல நெரியும், காதுக்குக் கொஞ்சம் சூடாகக்கூடக் கேட்கும். 1978இல் ‘ப்ரியா’வின் பாடல்கள் தமிழில் முதல் ஸ்டீரியோப் பதிவு என்ற பெயரோடு வந்தன. சுஜாதாவின் கதை, சிங்கப்பூரில் எடுத்த படம். லிட்டில் இந்தியாவின் கேசட் கடைகளில் வளர்ந்த தலைமுறைக்கு இளையராஜா என்றால் அந்தச் சூடும், பாட்டுக்கு அடியில் ஓடுகிற டேப்பின் ‘ஸ்ஸ்’ஸும் சேர்ந்ததுதான்.

1982இல் சி.டி. வந்தது. 16 பிட், 65,536 படிகள், சுமார் 96 டெசிபல் விரிவு. மெல்லிசான மூச்சு முதல் தவில் அடி வரைக்கும் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்த முதல் வடிவம். அந்த இடத்தை என்ன செய்தோம்? அடைத்தோம். கூரை கல்லாக இருந்ததால், அதைத் தொடாமல் உச்சங்களை மழித்துவிட்டு மிச்சத்தையெல்லாம் கூரை வரைக்கும் தூக்குகிற லிமிட்டர்கள் வந்தன. உச்ச மீட்டர் ஒழுங்காக 0க்குக் கீழே நிற்கும், சராசரி மட்டும் ஏறிக்கொண்டே போகும். அடுத்த பாட்டைவிட என் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும், ரேடியோவில், டீக்கடையில், காரில். மெட்டாலிகாவின் 2008 தட்டைப் பற்றி ரசிகர்களே நசுங்கிவிட்டது என்று புகார் செய்தார்கள். தமிழ் சினிமாப் பாட்டும் இந்த ஓட்டத்தில் ஓடியது. பேர் சொல்ல வேண்டாம், உங்களிடம் இருக்கிற ஏதாவது ஒரு 1980களின் பாட்டையும் இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு குத்துப் பாட்டையும் மென்பொருளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மலையும் பள்ளமும் தெரியும், இன்னொன்றில் செங்கல். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே ஒரு மௌனத்தை எழுதிய இசையமைப்பாளரின் வேலையை அந்தச் செங்கல் அழித்துவிடுகிறது.

திரையரங்கிலும் இதே கதைதான். கொட்டகையின் ஒலிக்கருவியில் ஃபேடர் 7இல் நின்றால், தரச் சத்தம் இருக்கையில் 85 டெசிபலாக விழ வேண்டும் என்பது ஏற்பாடு. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தபோது இந்த ஒழுங்கும் நம் கொட்டகைகளுக்குள் வந்தது. ‘மகாநதி’ தொடங்கி ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வரை தேசிய விருதுகள் வாங்கி 2008இல் மறைந்த எச். ஸ்ரீதர் போன்றவர்கள் இந்த 7ஐ நம்பித்தான் ஒரு கிசுகிசுப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்திருப்பார்கள். ஆனால் விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழித்தால் கொட்டகைக்காரர் 5க்கு இறக்குவார். இறக்குவார் என்று தெரிந்து அடுத்த படத்துக்காரர் இன்னும் ஏற்றிக் கலப்பார். அவர் ஏற்றினால் இவர் 4.

இந்தச் சண்டைக்கும் 1939ஐப் போல ஓர் உடன்பாடு வந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல், மின்னழுத்தத்தை விட்டுவிட்டுக் காது உணர்கிற உரப்பை அளக்கும் ஒரு முறையை வெளியிட்டது. காதுக்கு அதிகம் உறைக்கிற அதிர்வெண்களுக்குக் கூடுதல் எடை, அடிநாதத்துக்குக் குறைவு. அலகின் பெயர் எல்.யு.எஃப்.எஸ். 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் நிகழ்ச்சி, விளம்பரம் எல்லாம் மைனஸ் 23இல் நிற்க வேண்டும் என்றார்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் மைனஸ் 14க்கு எல்லாப் பாட்டையும் சமன் செய்கின்றன. மைனஸ் 8இல் அடித்துக் கொடுத்தால் 6 டெசிபல் இறக்கிவிடும். நசுங்கியது நசுங்கியபடியே இருக்கும், சத்தமும் கிடைக்காது. சண்டையின் லாபத்தை எடுத்துவிட்டார்கள். சண்டை இன்னும் முழுசாக நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

தெருவுக்கு அப்படி ஒரு பொது மீட்டர் கிடையாது. பள்ளிவாசலின் குமிழ் பள்ளிவாசலிடம், கோவிலின் குமிழ் கோவிலிடம், கடையின் குமிழ் கடைக்காரரிடம். ஆளுக்கொரு ஃபேடர், வெளியீட்டு மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. மலேசியாவில் ஒலிபெருக்கி பற்றிய பேச்சு தொடங்கினால் உடனே சூடாகிவிடும், எவருடைய சத்தம் உரிமை, எவருடையது தொந்தரவு என்று. ஆனால் அந்த மாலைப் பதிவில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாவது தடத்தில், பாங்கு தொடங்கிச் சில வினாடிகளில் கடையின் சினிமாப் பாட்டு இறங்குகிறது. முழுசாக நிற்கவில்லை. மீட்டரில் பார்த்தால் 12 டெசிபல் போல விழுந்திருக்கிறது. பாங்கு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறுகிறது, போன வேகத்தில் இல்லை, மெதுவாக. கடைக்காரர் நெற்றியில் திருநீறு வைத்திருந்தவர். “வழக்கம்தான் தம்பி, நீங்க எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

நான்கு தடங்களையும் உரப்பு மீட்டரில் சமமாக நிறுத்தி ஒரு பிரதி செய்து பார்த்தேன். சுற்றுலாத் துறை விளம்பரத்துக்கு அது சரியாக இருக்கும், எல்லாரும் சமம், எல்லாரும் கூடவே. ஆனால் தெருவில் எந்த இடத்தில் நின்றாலும் அப்படிக் கேட்காது. பள்ளிவாசல் பக்கம் நின்றால் மேளம் தூரத்துச் சமாசாரம். கோவில் வாசலில் நின்றால் பாங்கு கூரைக்கு மேலிருந்து வரும், மேளம் நெஞ்சில் அடிக்கும். அப்புறம் இன்னொரு பிரதி செய்தேன். அதில் கேட்பவர் நடக்கிறார். பள்ளிவாசலிலிருந்து குவான் யின் கோவில் வரைக்கும் ஏழு நிமிஷ நடை, ஒவ்வொன்றின் ஃபேடரும் தூரத்தின் கணக்குப்படி ஏறி இறங்குகிறது. வெளியீடு மைனஸ் 20 பக்கத்தில், உச்சத்துக்கு நிறைய இடம் விட்டு. மூன்றாவது தடத்தில் கடைக்காரர் இறக்கிய அந்த 12 டெசிபலை மட்டும் நான் தொடவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு கை வேலை செய்திருக்கிறது.